ஓடுபாதையில் சிலேடைக்கு இடமில்லை

மொழிபெயர்ப்பாளனுக்குப் பிடித்த சொற்கள் எல்லாம் விமானத்துக்கு ஆகாதவை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் எனக்குக் கொண்டாட்டம். முதுகலைத் தமிழ் வகுப்பில் காளமேகத்தின் சிலேடை வெண்பாக்களைப் படித்தபோது, ஒரே பாட்டு பாம்புக்கும் பொருந்தி வாழைப்பழத்துக்கும் பொருந்துவதைப் பார்த்து ஒரு வாரம் கிறங்கிப் போயிருந்தேன். பிறகு பத்திரிகை வேலைக்கு வந்து, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிப் பிழைக்கத் தொடங்கி இருபது வருடம் ஆகிறது. இரட்டைப் பொருள் மனிதர்களைக் கொல்லவும் கூடும் என்பதை அந்த வேலைதான் எனக்குச் சொன்னது.

2024 ஜனவரி 2 அன்று மாலை டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ-350 ஒன்று 379 பேருடன் தரையிறங்கியது. அதே ஓடுபாதையில் கடலோரக் காவல்படையின் சிறிய விமானம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. முந்தைய நாள் நோட்டோ தீபகற்பத்தில் நடந்த பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள்கள் கொண்டு போகப் புறப்பட்ட விமானம் அது. இரண்டும் மோதித் தீப்பிடித்தன. ஏர்பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சறுக்குகள் வழியே இறங்கித் தப்பினார்கள். சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள்.

கட்டுப்பாட்டுக் கோபுரம் அந்தச் சிறிய விமானத்துக்குச் சொன்னது இவ்வளவுதான்: 'நம்பர் ஒன்', சி-5 காத்திருப்பு இடத்துக்குச் செல்லவும். ஓடுபாதையில் ஏறச் சொல்லவில்லை. புறப்படும் வரிசையில் நீங்கள் முதலாவது என்பதுதான் அந்த 'நம்பர் ஒன்'. விமானத்தின் கேப்டனோ ஓடுபாதையில் நுழைய அனுமதி கிடைத்துவிட்டதாகவே நினைத்தார்.

அந்தச் செய்தியைத் தமிழாக்கும்போது என் பேனா நின்ற இடமும் அதுதான். 'முதலாவது' என்றால் வரிசை. 'முதலில்' என்றால் காலம். 'முதலிடம்' என்றால் மரியாதை. 'முன்னுரிமை' என்றால் உரிமை. தமிழில் நான்காகப் பிரியும் இதை ஆங்கிலம் இரண்டு சொல்லில் முடிந்து வைத்திருக்கிறது. நான் 'வரிசையில் முதலாவது' என்று எழுதினேன். எனக்கு யோசிக்க அரை மணி நேரம் இருந்தது. இயந்திர இரைச்சலுக்கு நடுவே ஹெட்போனில் கேட்பவருக்கு எவ்வளவு இருந்திருக்கும்?

இதில் ஒரு விநோதம். விமானிகள் தங்களுக்குச் சொல்லப்பட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது உலகெங்கும் விதி. அந்தச் சிறிய விமானமும் திருப்பிச் சொன்னது. சி-5 என்றது, நம்பர் ஒன் என்றது, நன்றியும் சொன்னது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. சொல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பொருள்தான் வழியில் இறங்கிவிட்டது. மொழிபெயர்ப்பில் அன்றாடம் நடப்பதுதான். எங்கள் தொழிலில் அதற்கு வாசகர் கடிதம் வரும், அவ்வளவுதான்.

டெல்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிக்காரர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவருக்கு நான் தம்பி. முப்பது வருடத்துக்கு மேல் பல ஊர்க் கோபுரங்களில் இருந்தவர். இன்றைக்கும் அவரிடம் போனில் எதையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட முடியாது. "நாளைக் காலை ஆறரை மணி, ரெண்டாம் நம்பர் கேட், கையில் ரேஷன் கார்டு. சரியா தம்பி?" என்று திருப்பிச் சொல்லி, நான் 'சரி' என்ற பிறகுதான் வைப்பார். மதினி சிரிப்பார். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

ஹனேடா பற்றி அவரிடம் கேட்டபோது, நான் எதிர்பார்த்தபடி 'நம்பர் ஒன்' பற்றி அவர் அதிகம் பேசவில்லை. "அந்த விமானம் ஓடுபாதையில் எவ்வளவு நேரம் நின்னுச்சு?" என்றார். சுமார் 40 வினாடி என்றேன். "40 வினாடி யார் கண்ணிலும் படலையே, அதைப் பாருங்க" என்றார். பார்க்க நிறைய இருந்தது. ஓடுபாதையில் அனுமதியில்லாமல் யாராவது ஏறினால் திரையில் நிறம் மாறிக் காட்டும் கருவி அந்தக் கோபுரத்தில் இருந்தது. அது காட்டியும் இருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. அப்போது அது ஒலி எழுப்பவில்லை. சி-5 முகப்பில் ஓடுபாதைக்குக் குறுக்கே எரிய வேண்டிய சிவப்பு விளக்கு வரிசை பராமரிப்பு வேலைக்காக அணைக்கப்பட்டிருந்தது. தவறாகப் புரிந்துகொண்டவர் ஒருவர். ஆனால் அவரை நிறுத்தியிருக்கக் கூடியவை இரண்டு, மூன்று இருந்தன. ஜப்பான் அரசு உடனடியாகச் செய்தவற்றில் ஒன்று, 'நம்பர் ஒன்' என்று வரிசை எண் சொல்வதை நிறுத்திவைத்தது.

ஒரு சொல்லை விலக்கி வைப்பது இந்தத் துறைக்குப் புதிதல்ல. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில், டெனரிஃப் தீவின் விமான நிலையத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதின. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் விபத்து என்று இதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை. பக்கத்துத் தீவில் குண்டு வெடித்ததால் பெரிய விமானங்கள் எல்லாம் இந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. நிற்க இடமில்லை. ஓடுபாதையையே சாலையாகப் பயன்படுத்தி விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர வேண்டியிருந்தது. மேகம் தரையில் இறங்கிவிட்டது. கோபுரத்துக்கு விமானங்கள் தெரியவில்லை, விமானங்களுக்கு ஒன்றையொன்று தெரியவில்லை, தரை ரேடாரும் இல்லை. எல்லோருக்கும் மிஞ்சியது ரேடியோவில் வரும் குரல் மட்டும்.

நெதர்லாந்தின் கே.எல்.எம். விமானம் ஓடுபாதையின் கோடியில் நின்றது. பான் அமெரிக்கன் விமானம் அதே ஓடுபாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கே.எல்.எம். கேப்டன் அனுமதிக்குக் காத்திராமல் வேகமெடுத்தபோது, துணை விமானி கோபுரத்துக்குச் சொன்ன வாக்கியம் இது: 'வீ ஆர் நௌ அட் டேக்-ஆஃப்.' கேட்ட கட்டுப்பாட்டாளர், புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். சொன்னவர், புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில் சொன்னார். டச்சு மொழியில் நடந்துகொண்டிருக்கும் செயலைக் குறிக்க இப்படி ஒரு முன்னிடைச் சொல் வரும், தாய்மொழியின் இலக்கணம் அவருடைய ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிட்டது என்று மொழியியலாளர்கள் சிலர் விளக்குகிறார்கள். இலக்கணம் படித்தவன் என்ற முறையில் இந்த விளக்கம் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. நம் ஊரில் ஆங்கிலம் பேசும் யாரிடம்தான் தாய்மொழி எட்டிப் பார்ப்பதில்லை?

கட்டுப்பாட்டாளர் 'ஓ.கே.' என்றார். ஒரு கணம் கழித்து, புறப்படுவதற்குத் தயாராக இருங்கள், நானே அழைக்கிறேன் என்றார். அதே கணத்தில் பான் அமெரிக்கன் விமானம், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று குரல் கொடுத்தது. ஒரே அலைவரிசையில் இருவர் ஒருசேரப் பேசினால் கேட்பவருக்குக் கீச்சென்ற ஒலிதான் கேட்கும். கே.எல்.எம். விமானி அறையில் தெளிவாகக் கேட்டது 'ஓ.கே.' மட்டும்.

அதன் பிறகு வந்த விதி எளிமையானது. 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும், தந்த அனுமதியை ரத்துச் செய்யும்போதும் தவிர வேறெங்கும் உச்சரிக்கக் கூடாது. மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்றுதான் சொல்ல வேண்டும். அகராதியில் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள். ரேடியோவில் ஒன்று அனுமதி, மற்றது வெறும் பேச்சு. 'ஓ.கே.' என்ற சொல்லுக்கு இந்த மொழியில் இடமே இல்லை.

இந்த மொழியின் சொற்பட்டியலை அண்ணாச்சி ஒருநாள் எனக்கு வகுப்பெடுத்தார். ஒன்பது என்பதற்கு 'நைன்' கிடையாது, 'நைனர்'. ஐந்தைக் குறிக்கும் 'ஃபைவ்' போல ஒலித்துவிடக் கூடாதாம். 'ஆம்' என்பதற்கு 'அஃபர்மேட்டிவ்' என்று முழுதாகச் சொல்லாமல் 'அஃபர்ம்' என்று வெட்டிவிடுகிறார்கள். வாலை மட்டும் கேட்டால் அது 'நெகட்டிவ்' போல ஒலிக்கும். இறங்கிவரும் விமானம் போன பிறகு ஓடுபாதையில் ஏறு என்று நிபந்தனையோடு சொல்லும்போது, 'பின்னால்' என்ற சொல்லை வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை எனச் சொல்ல வேண்டும். கூறியது கூறல் குற்றம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். இங்கே கூறியதைக் கூறாவிட்டால்தான் குற்றம். எங்கள் இலக்கணத்தில் வழு உண்டு, அதைப் பொறுத்துக்கொள்ளும் வழுவமைதியும் உண்டு. இவர்களிடம் இரண்டாவது கிடையாது.

கோலாலம்பூருக்கு அருகே 1989 பிப்ரவரி 19 அன்று நடந்தது இன்னும் கொடுமை. ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு ஜம்போ ஒன்றை 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார் கட்டுப்பாட்டாளர். 'டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார். விமானிகள் அந்த 'டூ'வை எண்ணாக எடுக்கவில்லை; 'வரை' என்ற பொருள் தரும் 'டூ' என்று எடுத்துக்கொண்டார்கள். 400 அடி என்று திருப்பிச் சொன்னார்கள். யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி நால்வரும் இறந்தார்கள். தமிழில் இந்தக் குழப்பம் வராது, நமக்கு நான்காம் வேற்றுமை உருபு 'கு' இருக்கிறது என்று ஒரு கணம் பெருமைப்பட்டேன். அண்ணாச்சி விடவில்லை. "ஏழாயிரத்துக்கு ஏறுன்னு சொல்லிப் பாருங்க, அதுவும் எங்க ஊர் ஆள் வாயால்" என்றார். ஏழும் ஏறும், ஆறும் நூறும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு எளிதில் தொண்டையில் இறங்கவில்லை. நீதிமன்றத்தில், வங்கியில், ரயில் நிலையத்தில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் எழுதுகிறவன் நான். மதுரைக்காரர் ஓட்டும் விமானம் திருச்சியில் இறங்கும்போது, கோபுரத்தில் இருப்பவரும் தஞ்சாவூர்க்காரராக இருந்தாலும், இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஏன் தமிழில் பேசக் கூடாது?

2000 மே 25 அதிகாலையில் பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் இதற்குப் பதில் கிடைத்தது. ஏர் லிபெர்த்தே என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர் பிரெஞ்சில் புறப்பட அனுமதி தந்தார். அடுத்து பிரிட்டிஷ் விமானிகள் ஓட்டிய சிறிய சரக்கு விமானத்திடம், நீங்கள் இரண்டாவது, ஓடுபாதையில் ஏறிக் காத்திருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். முதல் விமானத்தின் பின்னால் அது நிற்கிறது என்பது அவர் நினைப்பு. உண்மையில் அது ஓடுபாதையின் நடுவில் திறக்கும் இணைப்புப் பாதையில் இருந்தது. பிரெஞ்சு தெரியாத அந்த விமானிகளுக்கு, ஒரு விமானம் தங்களை நோக்கி ஓடி வரப்போகிறது என்பது தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஏறியிருக்க மாட்டார்கள். பெரிய விமானத்தின் இறக்கை சிறியதன் விமானி அறையைக் கிழித்தது. துணை விமானி இறந்தார்.

ரேடியோ என்பது இருவர் பேசும் தொலைபேசி இல்லை, ஊர்ப் பொதுக்கிணற்றடி. அங்கே பேசுவதை அத்தனை பேரும் கேட்கிறார்கள், கேட்க வேண்டும். பக்கத்து விமானத்துக்குச் சொல்லப்பட்டதைக் கேட்டு, இது சரியில்லையே என்று மூன்றாவது விமானி எச்சரித்துப் பிழைத்த சந்தர்ப்பங்கள் உண்டு. மறுதரப்பும் இருக்கிறது. கனடாவில் பிரெஞ்சு பேசும் விமானிகள் தங்கள் மொழிக்காகப் போராடினார்கள். அதை எதிர்த்து 1976-இல் ஆங்கில விமானிகள் வேலைநிறுத்தமே செய்தார்கள். கடைசியில் விசாரணைக் குழு கியூபெக்கில் இருமொழி ஆபத்தில்லை என்று முடிவு சொன்னது. எல்லோருக்கும் இரண்டும் தெரிந்தால் ஆபத்தில்லைதான். பல நாட்டு விமானங்கள் இறங்கும் ஓடுபாதையில் அது நடக்கிற காரியமில்லை. தமிழுக்கு நான் கேட்கும் இடங்களின் பட்டியலில் இருந்து கோபுரத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.

ஆங்கிலத்தை விதித்துவிட்டால் போதுமா என்றால், அதற்கு டெல்லியே சாட்சி. 1996 நவம்பர் 12 அன்று மாலை, சர்க்கி தாத்ரி கிராமத்து வயல்களின் மேல் சவுதியா ஜம்போவும் கஜகஸ்தான் விமானமும் வானில் மோதி 349 பேர் இறந்தார்கள். வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன நம் நாட்டு ஆட்கள் ஏராளம். சவுதி விமானம் 14,000 அடியிலும் கஜக் விமானம் 15,000 அடியிலும் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. கஜக் விமானம் தனக்குரிய உயரத்துக்குக் கீழே இறங்கியது. அதன் விமானிகளுக்கு ஆங்கிலம் போதாது. கோபுரத்துடன் பேசியவர் தனியாக ஒரு ரேடியோ ஆபரேட்டர். அவருக்கு எதிரே உயரமானி கிடையாது, விமானிகளின் தோளுக்கு மேல் எட்டித்தான் பார்க்க வேண்டும். நீதிபதி லஹோட்டி விசாரணை கஜக் விமானிகள் மீது தவறு கண்டது. அன்று டெல்லியில் வேலை செய்த ரேடார் விமானத்தின் உயரத்தைக் காட்டாது என்பதும், வருகிறவை போகிறவை எல்லாம் ஒரே வான்வழியில் சென்றன என்பதும் அப்போது வெளியே வந்தன. அதன் பிறகே மோதல் தவிர்ப்புக் கருவி இந்திய வானில் கட்டாயமானது. அண்ணாச்சி அந்த நாளைப் பற்றிப் பேச மாட்டார். நானும் கேட்பதில்லை.

ஒவ்வொரு விபத்துக்கும் மறுநாள் எனக்கு வரும் ஆங்கிலக் குறிப்பில் 'ஹ்யூமன் எரர்' என்று இருக்கும். தமிழில் 'மனிதத் தவறு' என்று போடுவோம். செய்தி முடிந்துவிடும். இந்தச் சொல்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது லாஸ் ஏஞ்சலிஸ் விபத்தின் அறிக்கையைப் படித்தபோது. 1991 பிப்ரவரி 1 இரவு அங்கே ஒரு கட்டுப்பாட்டாளர் சிறிய விமானம் ஒன்றை ஓடுபாதையின் நடுவில் நிறுத்தி வைத்தார். அது நிற்பதை மறந்துவிட்டார். பின்னால் வந்த யு.எஸ்.ஏர் போயிங்கை அதே ஓடுபாதையில் இறங்கச் சொன்னார். 35 பேர் இறந்தார்கள். தவறு அவருடையது என்று அவரே ஒப்புக்கொண்டார். செய்தி அங்கேயே முடிந்திருக்கலாம். அமெரிக்க விசாரணையாளர்கள் முடிக்கவில்லை. தரை ரேடார் அன்று வேலை செய்யவில்லை. கோபுரத்திலிருந்து பார்த்தால் விளக்குக் கம்பங்களின் ஒளி அந்த இடத்தின் மேல் விழுந்தது. அவர் கையில் இருக்க வேண்டிய விமானச் சீட்டு ஒன்று வந்து சேரவில்லை. அலைவரிசை மாறிப்போன வேறொரு விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருவர் மறந்தால் இன்னொருவர் பிடிக்கும் ஏற்பாட்டை அந்தக் கோபுரத்தின் நிர்வாகம் வைத்திருக்கவில்லை என்பதையே முதல் காரணமாக எழுதினார்கள்.

2024 ஜூன் 8 அன்று மும்பையில் ஏர் இந்தியா விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருக்கும்போதே அதன் பின்னால் இண்டிகோ விமானம் வந்து இறங்கியது. வீடியோவை நாடே பார்த்தது. கட்டுப்பாட்டாளர் பணியிலிருந்து விலக்கப்பட்டார் என்று மறுநாள் செய்தி. விசாரணை முடியும்வரை விலக்குவது நடைமுறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பொதுமக்களுக்குக் கதை அத்தோடு முடிந்தது. மும்பையின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன; நடைமுறையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் விமானங்களைக் கையாண்ட நாள் உண்டு. 2025-இல் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று, நாட்டில் கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறை பற்றிக் கடுமையாகவே எழுதியது. அது எத்தனை பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது?

தவறைச் சொல்ல விடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே டி.டபிள்யூ.ஏ. விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். 'இறங்க அனுமதி' என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதை, தாழப் பறக்கத் தடையில்லை என்று விமானிகள் புரிந்துகொண்டார்கள். மறுபடியும் ஒரே தொடர், இரண்டு பொருள். ஆறு வாரம் முன்பு இன்னொரு நிறுவனத்தின் விமானம் அதே தொடரைக் கேட்டு, அதே மலையை மயிரிழையில் தப்பியிருந்தது. அது அந்த நிறுவனத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் 1976-இல் அமெரிக்காவில், தண்டிக்கும் அதிகாரம் இல்லாத நாசாவிடம் யாரும் தங்கள் தவறை எழுதிக் கொடுக்கலாம், பெயர் நீக்கப்படும் என்ற ஏற்பாடு வந்தது.

அண்ணாச்சியும் எழுதிக் கொடுத்தவர். எந்த ஊர் என்பதை விட்டுவிடுகிறேன். பறவை அடித்து விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ஜீப்பை ஓடுபாதைக்குள் அனுப்பியிருக்கிறார். அடுத்தடுத்து மூன்று அழைப்புகள். ஜீப் மனத்திலிருந்து நழுவியது. இறங்கிவரும் விமானத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த உதவியாளர், "சார், ஜீப்!" என்று கத்தினார். விமானத்தை மறுபடி மேலே ஏறச் சொன்னார். பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது. இன்னும் பத்து நிமிடம் தாமதம் என்று சலித்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றிரவே முழு விவரத்தையும் எழுதி மேலே அனுப்பினார். கூடவே ஒரு யோசனை: ஓடுபாதையில் வண்டி இருக்கும்போது, கண்ணெதிரே உள்ள சீட்டுப் பலகையில் சிவப்புச் சட்டம் ஒன்றைச் செருகி வைப்பதைக் கட்டாயமாக்கலாம். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. யோசனைக்குப் பதில் வரவில்லை. "அப்புறம் ரொம்ப நாள் எங்க கோபுரத்தில் யாரும் எதையும் எழுதலை தம்பி" என்றார். சிவப்புச் சட்டத்தை அவரே கடையில் செய்து வாங்கி, தன் ஷிஃப்டில் மட்டும் வைத்துக்கொண்டார்.

அந்த ஜீப் டிரைவர் அதன் பிறகு, கோபுரத்தின் அனுமதி ரேடியோவில் கிடைத்தாலும், வண்டியை ஓரத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கி, இரண்டு பக்கமும் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓடுபாதையில் ஏறுவாராம்.